வியாழன் மாலைப் புள்ளிகள்

சிலிம் ரிவரில், டயர் கடைக்கு மேல்மாடி.
கீழே யாரோ நட்டு கழற்றும் அதிர்வு
மேசைக்கால் வழியே ஏறி வந்து
என் கோப்பியில் வட்டம் போடுகிறது.

முதலாளி குணநாதன் கேட்டது ஒரு படம்.
"ஒரே படம். உயரமா இருக்கிறதை எடுத்துக்குவோம்."
நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு:
எத்தனை வேலையாட்களை சர்வருக்குள் நிறுத்தினால்
நொடிக்கு எத்தனை பேருக்குப் பதில் போகும் என்று
நான்கு தூண்கள் வரைந்து கொடுத்தேன்.
பதினாறுதான் உயரம்.
"அதையே போடு" என்றவர்
கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

தூண் பொய் சொல்லவில்லை.
கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வியாழன் மாலை ஆறரை.
செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள்
ஆலை வாசலிலிருந்து பாலம் தாண்டியும் நிற்கின்றன.
சீட்டு எண் கைப்பேசியில் வந்தால்தான்
எடைமேடையில் ஏறலாம்.
வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது.
ஜெயசீலன் அண்ணன் அழைக்கிறார்:
"தங்கச்சி, உன் மெஷின் சாப்பிடப் போயிருச்சா?
பழம் உதிருது. கிரேடு போனா யார் கொடுப்பா?"

அன்றிரவு தூண்களை இடித்தேன்.
வந்த ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புள்ளி.
கிடைக்கோட்டில் மணி, நெடுக்கில் காத்திருப்பு.
பதினோராயிரம் புள்ளிகள்
நாள் முழுக்க அடியில் பாசிபோல் படிந்திருக்க,
ஆறரைக்கு மட்டும்
ஒரு கறையான் புற்று எழும்பி நின்றது.
அதன் உச்சியில் தனித்தனியாகச் சில:
பதினெட்டு நொடி, இருபத்திரண்டு நொடி.
சராசரிக் கோடு
அவர்கள் காலுக்கு வெகு கீழே
நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது.

முப்பத்திரண்டு போட்டுப் பார்த்தேன்.
நினைவகம் நிரம்பி, பழைய இயந்திரம்
டிஸ்கைச் சுரண்ட ஆரம்பித்தது.
புற்று படத்தைவிட்டே வெளியேறியது.
எட்டு போட்டேன்.
அதே புற்று, கொஞ்சம் அகலம்.

தப்பு எண்ணிக்கையில் இல்லை என்று
உறைத்தபோது மணி இரண்டு.
இன்னொரு படம் வரைந்தேன்:
ஒவ்வொரு வேலையாளும் ஒவ்வொரு நொடியும்
என்னதான் செய்கிறான்?
வேலைக்குச் சிவப்பு, சும்மா நிற்பதற்குச் சாம்பல்.
திரை முழுக்கச் சாம்பல்.
சிவப்பு, மிளகாய் விதை மாதிரி
அங்கொன்றும் இங்கொன்றும்.

மாமாக் கடையில் பந்து காட்டுகிற இரவு தெரியுமல்லவா?
காலி கிளாஸை முன்னால் வைத்துக்கொண்டு
ஒருவரும் நாற்காலியை விடமாட்டார்கள்.
தட்டோடு நிற்பவன் தட்டோடு நிற்பான்.
இங்கே கொஞ்சம் வேறு மாதிரி:
சாப்பிட்டவன் எப்போதோ போய்விட்டான்.
பரிமாறியவன்தான்
அறுபத்தைந்து நொடி அந்த மேசையருகே நின்று
"இன்னும் ஏதாவது வேணுமா?" என்று
காலி நாற்காலியைக் கேட்கிறான்.

அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி.
எழுதியது யார் என்று தேடினேன்.
நான்தான். மூன்று வருடம் முன்பு,
எங்கிருந்தோ அப்படியே நகலெடுத்து.

அறுபத்தைந்தை இரண்டாக்கினேன்.
வேலையாள் எட்டு.

அடுத்த வியாழன் நல்ல மழை.
புற்று கரைந்து தரையோடு கிடந்தது.
ஜெயசீலன் அண்ணன் அழைக்கவே இல்லை.
குணநாதன்தான் தூணைத் தேடினார்.
"எட்டு எப்படிம்மா பதினாறை ஜெயிக்கும்?"
புள்ளிகளைக் காட்டினேன்.
அவர் விரல் மேலே போய், ஒன்றின்மேல் நின்றது:
ஆறு நாற்பத்தேழு, பத்தொன்பது நொடி.
"இதை அழிச்சிடு.
ஆலைக்காரங்க கேள்வி கேப்பாங்க."

அது பாலத்துக்கு அந்தப் பக்கம்,
சிக்னல் விழாத பள்ளத்தில் நின்ற லாரி.
பதில் இங்கிருந்து உடனே கிளம்பிவிட்டது;
போய்ச் சேரத்தான் நேரமாயிற்று.
என் கணக்கில் வராது.
இருந்தாலும் யாரோ ஒருவர்
பத்தொன்பது நொடி
மழைக்குள் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

அளவுகோலைக் கொஞ்சம் உயர்த்தினேன்,
புள்ளி விளிம்பில் வெட்டுப்படாமலிருக்க.

அச்சடித்த தாளில்
மைச்சொட்டு என்று நினைத்தாரோ என்னவோ,
குணநாதன் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.
போகவில்லை.