ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டர்

ரோக்கஸ்கூராவில் முப்பத்தொரு தபால் பெட்டிகள்.
ஒன்பதில்தான் கடிதம் போடுகிறேன்.
மற்றவற்றில் குளவிகள்.

வாரம் இருமுறை
கொண்டை ஊசி வளைவுகளில் முனகியபடி
இரண்டாம் கியரில் ஏறுகிறது என் வண்டி.
முதலில் தெரிவது பங்குக் கோயிலின் மணிக்கூண்டு,
பிறகு, அது சாய்ந்திருப்பது.

மலை நகர்கிறதாம்.
பொறியாளர் தத்தேயி அளந்து சொன்னார்:
ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டர்.
ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே
விரிசலின் குறுக்காக
விரல் நீளக் கண்ணாடித் துண்டொன்றைக்
காரை வைத்து ஒட்டிவிட்டுப் போனார்.
சுவர் அசைந்தால் அது உடையும்.

சாவி நீவெஸிடம்.
சொரூபங்களைச் சனிக்கிழமைதான் துடைப்பாள்,
கண்ணாடியைத் தினமும்.

கோயிலுக்குத் தொண்ணூறு மீட்டர் கீழே
ஃபியோரென்ஸோவின் மதுக்கடை.
அவன் தம்பி கயிற்றில் போனான்.
மணியடிக்க மாட்டேன் என்ற பங்குச்சாமியார்
செத்தே இருபது வருஷம் ஆகிறது.
இவன் இன்னும் அந்தப் படியை மிதிக்கவில்லை.
பில்லின் முதுகில் கணக்குப் போட்டுக் காட்டினான்:
"முப்பதாயிரம் வருஷம்.
நான் எதற்கு ஏறணும்?
அதுதான் இறங்கி வருகிறதே."

நவம்பரில் நாலு நாள் விடாத மழை.
ஐந்தாம் நாள் பதிவுத் தபாலோடு வந்தேன்,
நகராட்சியின் பழுப்பு உறைகள்,
ஒன்பது வீட்டுக்கும் ஒன்பது,
எல்லாவற்றிலும் ஒரே வாசகம்,
காலி செய்க.
கடை திறந்து கிடந்தது. ஆளில்லை.
காபி இயந்திரம் தனியே சீறிக்கொண்டிருந்தது.

மேலே
கண்ணாடி இரண்டாகியிருந்தது.
நீவெஸ் டார்ச் பிடிக்க,
பீப்பாய் அறையிலிருந்து சுமந்து வந்த உத்தரங்களை
ஒவ்வொன்றாய்ச் சுவருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான் ஃபியோரென்ஸோ,
தொப்பியைக் கழற்றாமல்,
குடித்துவிட்டு வந்த தம்பியைத் திட்டுகிற மாதிரி
மலையைத் திட்டிக்கொண்டு.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினான்.
"வர வேண்டாமென்று நான் சொல்லவில்லை.
நடந்து வரட்டும்.
விழுந்து வரக் கூடாது."

உறையை நீட்டினேன்.
தொட்டியின் விளிம்பில் வைத்துக் கையெழுத்திட்டான்,
மை ஈரத்தில் ஓடியது.
பிரிக்கவில்லை.

கடைசி உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவே
நூல் அகலத்துக்கு ஓர் இடைவெளி.
உறையை நாலாய் மடித்து
அங்கே செருகி,
உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான்.

பொருந்திவிட்டது.
நீவெஸ் தன்னுடையதையும் எடுத்து நீட்டினாள்.