பன்னிரண்டு அவுன்ஸ்

சின்னதுதானே என்று வாங்கினேன்.
சின்னதுதான் கூடுதலாக உதைக்கும் என்று
சிரித்தாள் டர்லீன்,
டல்சாவுக்கு வெளியே, தகரக் கூரைச் சுடுகளத்தில்.
ஏழு கஜம். ஐந்து குண்டு.
மூன்று வெற்று அட்டையில்.
ஒன்று காகித மனிதனின் காதில்.
ஐந்தாவதை இருவருமாகத் தேடினோம்.
பெருவிரல் இடுக்கில் தோல் வழன்று
அன்றிரவு ரசஞ்சோறு பிசையும்போது சுரீரென்றது.

வலது பாக்கெட்டில் இனி வேறெதுவும் கூடாது.
சாவி, சில்லறை, இருமல் மிட்டாய்
எல்லாம் குடிபெயர்ந்தன.
ஞாயிறுதோறும் குண்டுகளைக் கொட்டிவிட்டுப்
பழைய பிரஷ்ஷால்
துளைகளில் அடைந்த பஞ்சைத் தட்டுகிறேன்.

நேற்று மருந்துக்கடையைப் பூட்டும்போது மணி பதினொன்றரை.
பனி. கார் இருமிவிட்டு அடங்கியது.
எதிர் டிரக்கிலிருந்து இறங்கி வந்தான் ஒருவன்,
வலக்கை ஜாக்கெட்டுக்குள்.
என்னுடையதும்.
"பேட்டரியா?"
"அப்படித்தான் நினைக்கிறேன்."
ஒற்றைக் கையாலேயே கேபிள் மாட்டினான்.
ஒற்றைக் கையாலேயே டார்ச் பிடித்தேன்.
இதன் விசை நீளம்;
இழுத்து முடிப்பதற்குள்
ஒரு மனிதனை முழுதாகப் பார்த்துவிடலாம்:
தாடியில் பனித்துகள்,
அவிழ்ந்து இழுபடும் ஷூ நாடா.

எஞ்சின் பிடித்துக்கொண்டது.
இடக்கையால் யாருக்கும் எதுவும் கொடுக்காத வீட்டில்
வளர்ந்தவள்
இடக்கையை நீட்டினேன்.

அவனும் இடக்கையையே.