மாதத்துக்கு ஐந்து நிமிடம்

மேசைமேல் நிற்கப் பிடிக்காமல்
நான்கு கால்களும் நான்கு பக்கம் வழுக்க
என் சட்டைக் கைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது முசே.
கால்நடை மருத்துவர் தூருன்
அதன் முன்னங்காலை மெல்ல மடக்கிக் காட்டினார்.
"இங்கே, எலும்பின் நுனியில்
இன்னும் எலும்பாகாத ஓரிடம் இருக்கிறது.
வளர்வது அங்கேதான், கெடுவதும் அங்கேதான்.
வயது எத்தனை மாதமோ
அத்தனை ஐந்து நிமிடம்.
நாளுக்கு இரண்டு தடவை.
அதற்குமேல் வாரைப் பிடித்து நடத்த வேண்டாம்."

நாற்பது வருடம் கப்பல் எந்திரங்களோடு கிடந்தவன் நான்.
புது எந்திரத்தையும்
முதல் நூறு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டமாட்டோம்.
புரிந்தது.

மூன்று மாதம், பதினைந்து நிமிடம்.
ஹாமர்ஃபெஸ்ட் ஜனவரியில் அதன் பொருள்
என் வாசலிலிருந்து மீன் கிடங்கின் நீலக் கதவுக்குப் போய்
வந்துவிடுவது.
நான் தனியே போனால் நான்கு நிமிடம்.
முசேவுக்கோ
ஒவ்வொரு விளக்குக் கம்பத்திடமும் விசாரணை உண்டு.
கலைமான் போட்டுப்போன புழுக்கைகளை
ஒன்று விடாமல் படிக்கவேண்டும்.
தன் மூச்சு புகையாவதைப் பார்த்து
ஒருமுறை குரைத்தது.

குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்.
நான்கு மாதம்: படகுத்துறை.
ஐந்து: தேவாலயம்.
ஆறு: பள்ளிக்கூடத்துச் சரிவு.
எட்டு: ஆஸ்பியோர்ன் வீடு.

ஆஸ்பியோர்ன் என் தம்பி.
அப்பாவின் படகை
என்னைக் கேளாமல் விற்றவன்.
பதினொரு வருடமாக
ஒரே கடையில் ரொட்டி வாங்குகிறோம்,
வேறு வேறு நேரத்தில்.
இலையுதிர்காலத்தில் அவன் மனைவி இறந்தாள்.
சவ அடக்கத்தில் கடைசி வரிசையில் இருந்துவிட்டு
காப்பிக்கு நிற்காமல் வந்துவிட்டேன்.
போகவேண்டும்.
போய்வர நாற்பது நிமிடம்.
எட்டைந்து நாற்பது. ஜூனில் போகலாம்.
நாய்க்குட்டியின் முழங்காலைக் காட்டி
என் முழங்காலை ஒளித்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஊசி போடப் போனோம்.
"நடை எப்படி?" என்றார் தூருன்.
"நிமிடம் பிசகவில்லை."
சிரித்துவிட்டார்.
"அது ஒரு குத்துமதிப்பு, அவ்வளவுதான்.
எந்த எலும்பும் கடிகாரம் பார்ப்பதில்லை.
முற்றத்துப் பனியில் அதுவாக உருண்டால் உருளட்டும்,
அலுத்தால் அதுவே நிறுத்திக்கொள்ளும்.
மாடிப்படி, வழுக்கும் தரை,
திரும்பத் திரும்பப் பந்தெறிவது,
இவற்றுக்குப் பயப்படுங்கள்.
வழியில் உட்கார்ந்துவிட்டால் இழுக்காமல் தூக்குங்கள்.
தூக்கிப்போகும் தூரம் நடையில் சேராது."

"சேராதா?"

"உங்கள் முதுகின் கணக்கில் சேரும்."

வெளியே, இரண்டு மாதம் காணாமல் போய்த் திரும்பிய சூரியன்
மலை விளிம்பில் கொஞ்சமாக நின்றது.
முசே நீலக் கதவுவரை நடந்தது.
அப்புறம் வழக்கம்போல்
சாலை நடுவில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது.
அதற்கு அன்று போதும்.
எனக்குத்தான் சாக்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஒன்பது கிலோ.
கோட்டின் பொத்தான்களைக் கழற்றி உள்ளே வைத்தேன்.
படகுத்துறையில் ஒரு தடவை கை மாற்றினேன்.
தேவாலயத்தின் முன் மூச்சு வாங்கினேன்.
சரிவில் என் இதயம் அடித்ததா அதனுடையதா,
தெரியவில்லை.

கதவைத் திறந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கோட்டிலிருந்து நீட்டிய தலையைப் பார்த்தான்.
பிறகு ஒரு பாதத்தைப் பிடித்து,
விரலிடுக்கில் கட்டைவிரலை விட்டுத் தடவினான்.

"எத்தனை மாதம்?"
"நாலு."
"காய்ந்திருக்கிறதே," என்றான்.
"இது நடந்து வரவில்லை."
"இல்லை," என்றேன்.
"நான்தான்."

அவன் நகர்ந்து வழிவிட்டான்.
வாசலில் மூன்று படி.
முசேவை இறக்கிவிடாமல் ஏறினேன்.