பன்னிரண்டு விநாடிக்கு ஒரு பெட்டி

எல் ஆல்ட்டோவிலிருந்து லா பாஸுக்குச்
சிவப்புக் கம்பியில் இறங்கப் பத்து நிமிடம்.
அதுதான் என் பட்டறை.
வாடகை மூன்று பொலிவியானோ,
போகவர ஆறு.

காலை எட்டிலிருந்து ஐந்துவரை நகலெடுக்கும் கடை.
பிறருடைய சான்றிதழ்களுக்கு வெளிச்சம் காட்டுகிறேன்.
ஆறுக்கு மேல் பெயர்ப்பலகை:
கறிச்சோமாசிக் கடை, பல் மருத்துவர்,
மினிபஸ்ஸின் முதுகில் ஒரு கழுகு.
பலகை எழுத ஒரு மாலை,
காசு வாங்க ஏழு மாலை.
(பல் மருத்துவர் இன்னும் தரவில்லை.
அவருக்கு நான் வரைந்த பல்
என் பல்லைவிட நன்றாக இருக்கிறது.)

‘எவுலாலியா, படம் வரைவதெல்லாம் பொழுதுபோக்கா?’
கேட்டார் முதலாளி ஃபிடென்சியோ.
போக்குவதற்குப் பொழுது
முதலில் வரவேண்டுமே என்றேன்.
சிரித்துக்கொண்டே
அடுத்த தாள்கட்டை நீட்டினார்.

ஒருமுறை அட்டவணையும் போட்டுப் பார்த்தேன்.
அரைமணிக் கட்டங்கள், நான்கு நிறம்.
சொந்த ஓவியத்துக்குப் பச்சை:
ஞாயிறு இரண்டிலிருந்து ஆறு.
இரண்டுக்குக் குழாயில் தண்ணீர் நின்றது.
மூன்றுக்குத் தங்கை, இடுப்பில் பிள்ளையோடு.
நாலரைக்குப் பச்சையின் முன்னால் உட்கார்ந்தேன்.
அவ்வளவு சுத்தமான கட்டம்,
பயமாக இருந்தது.
எழுந்து அலமாரியைத் துடைத்தேன்.

பெட்டியில் பயப்பட நேரமில்லை.
பன்னிரண்டு விநாடிக்கு ஒன்று வருகிறது;
ஒன்றை விட்டால் இன்னொன்று.
என் வாழ்வில் வேறெதுவும் இப்படி வந்ததில்லை.
வரிசையில் ஒதுங்கி நின்று
முகம் பார்த்துத்தான் ஏறுவேன்,
முதுகை நகரத்துக்குக் காட்டி உட்காருவேன்.
அய்மாராவில் கடந்தது கண்ணெதிரே,
வரப்போவது முதுகுக்குப் பின்னே.
வீட்டுத் தவணை, கடைச் சாவி எல்லாம்
பின்னால் எங்கோ கிடக்கும்.
முன்னால் தகரக் கூரைகள்
மலைமேல் ஏறிப் போய்க்கொண்டிருக்கும்.
முதல் நிமிடம் நெற்றி.
மூன்றில் மூக்கு.
கல்லறைத் தோட்டம் வருவதற்குள்
வாய் முடிந்திருக்க வேண்டும்;
அதற்குமேல் கண்டுபிடித்துவிடுவார்கள்,
முகம் சட்டை மாற்றிக்கொள்ளும்.

பிப்ரவரியில் ஒருநாள் காலையிலேயே மின்னல்.
கம்பி நின்றது.
கல்லறைகளுக்கு மேலே அந்தரத்தில்,
ஆலங்கட்டி அறையும் கண்ணாடிக்குள்
ஐந்து பேர், ஒரு தட்டு முட்டை.
எதிரே வெல்டிங் தழும்போடு ஒருவர்.
எத்தனை மாதமாய் நான் தேடிய தாடை!
நாற்பத்திரண்டு நிமிடம்,
ஆற அமர.

பத்தில் அவர் தாளில் இருந்தார்.
பதினைந்தில் நிழல் சேர்த்தேன்.
இருபதில் இமைமயிர் ஒவ்வொன்றாய்.
முப்பதில் செத்துப்போனார்,
தாளில்.
எதிரே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

நேரமில்லை நேரமில்லை என்று
பன்னிரண்டு வருடம் அழுதவள் நான்.
இந்தக் கையோ அழாமல் கொள்ளாமல்
பத்து நிமிடக் கையாகவே வளர்ந்துவிட்டிருக்கிறது.
அதற்கு வருத்தப்படுவதா என்று
யோசிப்பதற்குள் முட்டைக்காரப் பெண்,
‘கொஞ்சம் பிடிங்க, கை மரத்துப்போச்சு.’
பிடித்தேன். முப்பது முட்டை.
பென்சில் எந்தக் காலடிக்கோ உருண்டது.

வேறு வழியில்லாமல்
அந்தத் தாடையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் இடது கன்னத்தை உள்ளிருந்து
நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.
பல்வலி.
இமைமயிர் எண்ணியவள்
வீக்கத்தை விட்டிருந்தேன்.

ஒரு குலுக்கல். பெட்டி நகர்ந்தது.
முட்டையைக் கொடுத்தேன், பென்சிலை எடுத்தேன்.
நிலையத்துக்கு நாலு நிமிடம்.
தாளைத் திருப்பி
வீங்கின பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

ஃபிடென்சியோ அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்.
போகட்டும்.
இறங்கும்போது வெல்டிங்காரருக்குப்
பல் மருத்துவரின் விலாசம் சொன்னேன்.
‘வாசலில் பெரிய பல் இருக்கும், தப்பாது.
எவுலாலியா அனுப்பினாள் என்று சொல்லுங்கள்,
நூற்றிருபது பாக்கி என்றும்.’