இருப்பில் இல்லாதது

தலோஜாவில் எங்கள் ஃபோம் ஆலைக்கு
மார்ச் முப்பதாம் தேதி கணக்கெடுக்க வந்தவர் தாம்லே.
சுவரில் ஒட்டியிருந்த வினைப்படத்தில் விரல் வைத்தார்,
நடுவே, அடைப்புக்குறிக்குள்,
கார்பாமிக் அமிலம்.
"மேடம், இது எந்த அலமாரி?"

எந்த அலமாரியும் இல்லை.
வாங்கிய ரசீது கிடையாது, விற்ற ரசீதும் கிடையாது.
இதுவரை ஒரு புட்டியில் உட்கார்ந்ததில்லை அது.
உண்டான கையோடு உடையும்:
ஒரு பக்கம் அமீன், மறு பக்கம் கரிவளி.
"அப்போது சேதாரத்தில் எழுதவா?"
மனுஷர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

ஊற்றுமேடைக்கு அழைத்துப் போனேன்.
கோரக்நாத் கலவைத் தலையைத் திறந்தான்.
பாகு விழுந்தது. பத்து விநாடி
ஒன்றுமே நடக்கவில்லை.
பிறகு வெளுத்தது. பிறகு எழும்பியது,
முழங்கால், இடுப்பு,
தாம்லேயின் சட்டைப் பை.
உள்ளே கோடி தரம் உண்டாகி
கோடி தரம் உடைந்து
அது விட்ட மூச்சு அத்தனையும்.
அந்த மூச்சை வெளியே விடாமல்
சுவர் கட்டி வைத்துக்கொண்டது யுரேத்தேன்,
அதே அமிலத்தின் எஸ்டர்.
அமிலம் கண்ணிமைப்பு நிற்காது,
எஸ்டர் பதினைந்து வருஷ உத்தரவாதத்தோடு
மெத்தைக் கடைக்குப் போகிறது.
குடும்பம் என்றால் இப்படித்தான் என்று சொல்ல வந்தேன்.
சொல்லவில்லை. மார்ச் மாதத்தில் அவர்கள் சிரிப்பதில்லை.

நேற்றைய கட்டியில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார்.
குழி மெல்ல நிரம்பியது.
இன்னொரு தரம் அழுத்தினார்.
"இருப்பு: பூஜ்யம்" என்று எழுதி
பக்கத்தில் ஏதோ மராத்தியில் கிறுக்கினார்.

அவர் கேட்காத சரக்கு ஒன்று
என் கைப்பையில் இருந்தது.
அறுபது மில்லிகிராம், நாலு மணிக்கொன்று.
நரம்பு சொன்னதைத் தசை கேட்டு முடிக்குமுன்
அழித்துவிடும் ஒரு என்சைம். அதன் வாயில் போய்
அடைத்துக்கொள்ளும் இந்த கார்பமேட்.
என் இடது இமை எழும்.
கரப்பானைக் கொல்லும் பொடியும் இதே குலம்,
இதே வித்தை. அளவு வேறு,
அளவை மறந்துவிடக்கூடாது.

பிறகு தண்ணீர் வந்து அடைப்பைக் கழற்றும்.
கழன்றது அமிலமாகும்.
அமிலம்தான் தெரியுமே.

பன்வேலில் ஏறியபோதே இமை கனத்தது.
கார்கரில் எதிர் ஸீட்டுக்காரிக்கு
இரண்டு மூக்குத்தி.
தூங்கி விழுகிறேன் என்று முழங்காலைத் தட்டி
"குடே உதர்ணார்?" என்றாள்.
ஜி.டி.பி. நகர் என்றேன். நாக்கும் குழறியது.
தண்ணீர் பாட்டிலைத் தானே திறந்து நீட்டினாள்,
விழுங்கினேன்.

வாஷி பாலத்தில் கழிமுகக் காற்று.
பெட்டி முழுக்க முந்நூறு பெண்கள்
மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.
அந்தக் கரிவளியில் ஒரு பங்கை
ரத்தம் இப்படித்தான் சுமந்து வருகிறது,
கார்பமேட்டாக,
நுரையீரல் வாசலில் இறக்கிவிட.
இதையும் தாம்லேயிடம் சொல்லியிருக்கலாம்.
எந்தக் கட்டத்தில் எழுதுவார்?

குர்லாவில் கூட்டம் அவளை மறைத்தது.
சுனாபட்டியில் விலகியது.
ஒரே ஒரு மூக்குத்தி,
வெள்ளைக் கல்,
கொஞ்சம் கோணலாக.