காயம்பட்டவர் 14

காலை பத்தரைக்கு வெடித்ததாக
வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.
முதுநகர் துறைமுகத்தில், ஒரு சூட்கேஸ்.
புகை கிடையாது, வாசனை கிடையாது.
காற்று வடகிழக்கு என்று எழுதிக்கொண்டேன்.

வெள்ளை உடுப்புக்குள் வேர்த்து ஒழுகிய
தீயணைப்புப் பையன்
சோதிக்குப்பத்து மணலில் கருவியைக் காட்டினான்.
பல்லி போல இரண்டு முறை சொன்னது.
“எந்தப் பக்கம் சொல்லுது?” என்றாள் அஞ்சலாட்சி,
கழுத்தில் ‘காயம்பட்டவர் 14’ அட்டை,
இடுப்பில் இன்னும் இறக்காத நண்டுக்கூடை.

ஒலிபெருக்கியில் என் குரல்தான்:
உள்ளே போங்கள்.
கதவு சன்னலைச் சாத்துங்கள்.
சொல்லும்வரை வெளியே வராதீர்கள்.

அலை வந்தா மேற்கால ஓடுன்னீங்க.
சிப்காட்டுல வாயு கசிஞ்சா
ஈரத்துணி கட்டிக்கிட்டு
காத்துக்குக் குறுக்கால ஓடுன்னீங்க.
புயலுக்குப் பள்ளிக்கூடம்.
ஓடியே பழகுன காலு சார்.
இதுக்கு மட்டும் குந்தணுமா?

ஆமாம்மா.

எதுக்குள்ள?

அவள் வீட்டுக் கீற்றின் வழியே
கடல் துண்டு துண்டாகத் தெரிந்தது.
படிவத்தில்
‘தங்குமிடம்: உண்டு / இல்லை’.
அந்தச் சாய்வுக்கோட்டின் மேலேயே
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

உடம்பைக் கழுவிவிட வந்த தண்ணீர் லாரியைச் சுற்றி
அதற்குள் குடங்கள்.
இறந்தவர் இரண்டு பேர்
எழுந்து வந்து வரிசையில் சண்டை போட்டார்கள்.
பதினாலாம் எண்
அட்டையை முதுகுக்குத் தள்ளிவிட்டு
மூன்று குடம் பிடித்தாள்.

ஒத்திகை திருப்தி என்று கையெழுத்திட்டோம்.
வடையும் டீயும் வந்தன.

ஜீப்பில் ஏறுமுன் செருப்பை உதறினேன்.
ஏறி உட்கார்ந்து,
இறங்கி,
மறுபடி உதறினேன்.