மாதிரிப் படிவம்

செக்கானூரணியில் இறங்கி
மினிபஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நின்றேன்.
பையில் இருபது படிவம், ஒரு ஸ்டாப்வாட்ச்,
பிள்ளைகளுக்குக் கொடுக்க இருபது அழிரப்பர்.
ஒரு ரப்பருக்காக ஒரு பிள்ளை
பதிலை மாற்றிச் சொல்லுமா என்று
நெறிமுறைக் குழு மூன்று முறை கூடியிருந்தது.

"மாதிரிக்கு இருபது பிள்ளைகள் வேண்டும் சார்" என்றேன்.
தலைமையாசிரியர் தாராளமாகத் தலையசைத்தார்.
நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள்
முன்வரிசையில் இருபது பேர்
தலைவாரி, நீறு பூசி, கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.
மாதிரிப் பிள்ளைகள்.
அவர்மேல் தப்பில்லை, கேட்டதைத்தான் கொடுத்தார்.
மற்றவர்கள்?
"இன்னைக்கு வரலை மேடம்."
வராதவர்கள் வேம்புக்குப் பின்னால்
பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பதிவேட்டை வாங்கி
சீட்டெழுதிக் குலுக்கினேன்.

ஒரு நிமிடத்தில் எத்தனை சொல்: இதுதான் சோதனை.
பத்தியில் ஒரு நண்டு
கடற்கரையில் வளை தோண்டுகிறது.
சுஜித் எழுபத்துநான்கு சொல் ஓடினான்.
எதைப் பற்றிய கதை என்றேன்.
"வாசிக்கத்தான டீச்சர் சொன்னீங்க?"
அடுத்து வந்தவள் நண்டில் நின்றுவிட்டாள்.
"இது வயல் நண்டா, கடல் நண்டா?"
பதில் சொல்லக்கூடாது என்பது விதி.
நான் சுவரைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்,
கையில் கடிகாரம் ஓடியது.
முப்பத்தொன்று.
குறைந்த வாசிப்புத் திறன்.

பிறகு வீடுகள்.
கேள்வி பதினான்கு:
பிள்ளையின் படிப்புக்கு வீட்டில் உதவுபவர் யார்?
"நாந்தேன்" என்றார் அப்பா
பைக்கிலிருந்து இறங்காமலே.
விருமாயி ஆமென்று தலையாட்டினாள்.
தந்தை, குறியீடு 1.

நம்பகத்தன்மைக்காக அதே கேள்வியோடு
பதினைந்து நாள் கழித்துப் போனேன்.
நூறுநாள் வேலையில், கண்மாய்க்கரையில்,
மண்வெட்டியை ஊன்றி நின்று யோசித்தாள் விருமாயி.
"அவ படிக்கையில டிவிய அமத்திருவேன்.
நாடகம் ஓடிக்கிட்டிருந்தாலும் அமத்திருவேன்.
அத உதவின்னு எழுதுவீகளா?"
கட்டங்களில் மேலும் கீழும் தேடினேன்.
தந்தை. தாய். உடன்பிறந்தோர். டியூஷன்.
தாய் என்று போட்டால்
ஏட்டைப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தாள் என்றாகிவிடும்.
99 போட்டேன்: பதில் பெறப்படவில்லை.
எங்கள் ஒன்றியத்தில் மட்டும் கெழு இறங்குகிறதென்று
ஜெரோம் சார் போனில் சத்தம் போட்டார்.
பைக் நின்றிருந்த நாளுக்கும்
நிற்காத நாளுக்கும்
படிவத்தில் இடமில்லை சார் என்றேன்.
"கவிதை பேசாதீங்க" என்றார்.

இருபதாவது சீட்டு, மு. யாழரசி.
பதிவேட்டில் ஒருநாளும் விடாமல் வந்திருந்தாள்.
வீடு பூட்டிக் கிடந்தது.
செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்
ஐந்து மாசம் என்றாள் எதிர்வீட்டுக்காரி.
ஆறேகாலுக்குக் கடைசி பஸ். மறுநாள் கணக்கு முடிப்பு.
பள்ளிக்கூடத்திலேயே அவள் வந்திருக்கிறாள்,
என் படிவத்துக்கும் வந்தால் என்ன?
டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன்.
தந்தை கூலி. தாய் ஐந்தாம் வகுப்பு.
வீட்டில் படிப்பது ஒன்றரை மணி நேரம்.
ஐம்பத்திரண்டு சொல்.
எல்லோருடைய சராசரியும்
எனக்கு மனப்பாடமாகியிருந்தது.
டீ ஆறுவதற்குள் முடிந்தது.

என் பத்தொன்பது படிவங்களும்
சிவப்பு மையோடு திரும்பின.
முரண், விடுபட்டது, சாத்தியமில்லை, மீண்டும் கேட்கவும்.
இருபதாவதற்கு ஒரு கேள்விகூட இல்லை.

நாகமலைப் புதுக்கோட்டையில் இந்த ஜூனில்
புதியவர்களுக்குப் பயிற்சி. நானும் பயிற்றுநர்.
பெயரை மறைத்துத் திரையில் போட்டார்கள்,
தலைப்பு: மாதிரிப் படிவம்.
இப்படித்தான் நிரப்பணும் என்றார் ஜெரோம் சார்.
என் கையெழுத்து சுவரளவு பெரிதாகத் தெரிந்தது.
எல்லோரும் குறிப்பெடுத்தார்கள்.

பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.
"மேடம், இந்தப் பிள்ளைக்கு
ரப்பர் கொடுத்தீங்களா?"

பைக்குள் கையை விட்டேன்.
உறை பிரிக்காமல் அங்கேயேதான் இருந்தது.